வாடகை ஒப்பந்தத்தைக் காணோம்

மார்ச் 2

தம்பிக்கு,

கடிதத்தைப் படித்ததும் போனைத் தூக்கிவிடாதே. போன தடவை நீ ஆசையாகப் பேசிய ஒரே ஒரு அழைப்பை வைத்துத்தான் பாப்பாவின் அப்பா போன ஊரில் என் வாசலில் வந்து நின்றார். போன் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு யார் எந்த ஊரிலிருந்து பேசினார்கள் என்று பார்ப்பது பெரிய வேலையா? அதனால் இனி காகிதம்தான். உன் கடைக்கு எழுதவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா பெயருக்குப் போடுகிறேன், அவர் உன் கையில்தான் கொடுப்பார்.

நானும் பாப்பாவும் சுகம். இந்த ஊரில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை. முதலாளியம்மா நல்ல மாதிரி. பாதி வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து நீ அனுப்பிய கம்ப்யூட்டரில் முடிக்கிறேன்.

எழுத வந்தது அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். அதிலிருந்து ஃபைல்கள் காணாமல் போகின்றன. சிரிக்காதே. வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஒரு பிரதி கேட்டார், திறந்து பார்த்தால் இல்லை. சேமிக்க மறந்திருப்பேன் என்று மறுபடி ஸ்கேன் செய்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதுவும் இல்லை. அப்புறம் பாப்பாவின் பள்ளிச் சேர்க்கைப் படிவம்.

அந்த வீட்டில் அவர் என் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, "உனக்கு மூளை வேலை செய்யல, டாக்டர்கிட்டப் போவோமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். கடைசியில் நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். இங்கே நானும் குழந்தையும் மட்டும்தான். ஒளித்துவைக்க ஆள் இல்லை. அப்படியென்றால் அவர் சொன்னது நிஜமா? எனக்குப் பயம் அதுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுது. உன் கடைக்கு வந்த வாடிக்கையாளர் என்று என்னை நினைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

வாடிக்கையாளர்கூட கடைக்குள் நுழைந்ததும் "எப்படிப்பா இருக்கே?" என்று ஒரு வார்த்தை கேட்பார். நீ இத்தனை நாள் கழித்து எழுதுகிறாய், "சுகம்" என்று ஒரு சொல், அப்புறம் நேரே கம்ப்யூட்டர். நான் நன்றாக இருக்கிறேன். என் வீட்டுக்காரிக்கு முதுகுவலி. நீ கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபைல் காணோம் என்று என் கடைக்கு வராத நாளே இல்லை. பேய் வேலை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் பேய் அவர்கள் வீட்டு நாலாங்கிளாஸ் பையனாக இருக்கும்.

முதலில் ரீசைக்கிள் பின்னைத் திற. அங்கே இருந்தால் பாப்பாவின் விரல் வேலை, அடிக்காதே. இல்லையென்றால் ஆன்டிவைரஸைத் திறந்து, சந்தேகப்பட்டு அது ஒதுக்கிவைத்திருக்கும் பெட்டியைப் பார். ஸ்கேன் செய்த ஃபைல் என்றால் சில சமயம் அதற்கு ஆகாது, விழுங்கிவிடும். அங்கேயும் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க். நான் போட்டுக் கொடுத்தது பழைய டிஸ்க்தான், மறைக்கவில்லை. பெட்டியின் மேல் காதை வைத்துக் கேள். டிக், டிக் என்று மென்று துப்புகிற மாதிரி சத்தம் வந்தால் அது சாகப்போகிறது. உடனே எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிடு.

மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பயப்படாமல் செய். பாப்பாவுக்கு மாமாவின் முத்தம்.

தம்பி


மார்ச் 15

தம்பி,

மூன்றும் இல்லை. ரீசைக்கிள் பின் காலி. ஆன்டிவைரஸ் பெட்டியும் காலி. டிஸ்க்கில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை, பாப்பாவும் என்னோடு காதை வைத்துக் கேட்டாள்.

இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாப்பா கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். காஸ் இணைப்பு ரசீதைப் படமெடுத்து ஃபோல்டரில் போட்டுவிட்டு, அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை மவுஸின் மேலேயே இல்லை, தம்பி. டம்ளரைப் பிடித்திருந்தேன். பார்க்கப் பார்க்க அந்த வரி மறைந்தது. கீழே இருந்த வரி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். சத்தமில்லை, கேள்வி கேட்கவில்லை. யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று கை நீட்டி எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். பாப்பா "ஏம்மா ஆஃப் ஆயிடுச்சு?" என்று கேட்டாள். கரண்ட் போய்விட்டது என்று சொன்னேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் யார் ஏறினாலும் செருப்புச் சத்தத்தை எண்ணுகிறேன். முதல் மாடியில் நின்றுவிட்டால்தான் உயிர் வருகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இந்த முகவரி உனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமாவது சொன்னாயா? உன் மனைவி பேச்சுவாக்கில் எங்கேயாவது?

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த ஆள் இரண்டு தடவை என் கடைக்குள் வந்து சட்டையைப் பிடித்தான். ஒரு தடவை என் வீட்டுக்காரியிடம் வந்து கெஞ்சி அழுதான். அவள் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான் அவளிடம் முகவரியைச் சொல்லவே இல்லை, அவளும் கேட்கவில்லை. தெரிந்தால் வாய் தவறிவிடுமோ என்று அவளுக்கே பயம். அவளைப் போய் சந்தேகப்பட்டாய். பரவாயில்லை. பயத்தில் எழுதியிருக்கிறாய். ஆனாலும் வலித்தது, அதைச் சொல்லாமல் மேலே எழுத வரவில்லை.

இப்போது கவனமாகப் படி. கண்ணெதிரே மறைந்தது என்றாயே, அது முதலிலேயே தெரிந்திருந்தால் டிஸ்க்கின் மேல் காதை வைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். எங்கோ இன்னொரு மிஷினில் ஒருவர் அழிக்கிறார், அது உன் மிஷினிலும் அழிகிறது. ஒரே இமெயில் கணக்கில் இரண்டு கம்ப்யூட்டர்கள் திறந்திருந்தால் அப்படித்தான். இரண்டும் இணையம் வழியாக ஒரே ஃபோல்டரைக் காட்டும். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் வரும். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் போய்விடும்.

புதுக் கணக்குத் திற என்று படித்துப் படித்துச் சொன்னேன். திறந்தாயா? உன் பழைய லேப்டாப் எங்கே?

வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து இணைய ஒயரைப் பிடுங்கிவிடு. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் உன் கணக்கைத் திறந்து, எந்தெந்த மிஷின்களில் அது இருக்கிறது என்று காட்டும் பட்டியலைப் பார். எந்த ஃபைல் போயிற்று, எது போகவில்லை, இரண்டையும் எழுது. போகாததும் முக்கியம்.

தம்பி


மார்ச் 24

தம்பி,

உன் மனைவியிடம் என்னை மன்னிக்கச் சொல். நேரில் பார்த்தால் காலில் விழுவேன்.

புதுக் கணக்குத் திறக்கவில்லை. பாப்பா பிறந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் பழையதில்தான் இருக்கின்றன. பாஸ்வேர்டை மாற்றப் போய் ஏதாவது தப்பாக அமுக்கி அவை போய்விட்டால் என்ற பயத்தில் அதிலேயே நுழைந்தேன். உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று மறைத்தேன். இப்போது திட்டு.

பட்டியலைப் பார்த்தேன். அச்சகத்துக் கம்ப்யூட்டரைத் தவிர இரண்டு மிஷின்கள். ஒன்று நீ அனுப்பியது. இன்னொன்று என் பழைய லேப்டாப். அந்த வீட்டுப் பரண் மேல் விட்டுவந்தேனே, மூடி சரியாக மூடாதே, அது. கடைசியாகப் பயன்படுத்தியது என்ற இடத்தில் "இன்று" என்று இருந்தது. அதன் கீழே நம் ஊர் பெயர்.

முதலாளியம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேனாம். அவருக்கு ஓரளவு சொல்லியிருந்தேன், இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். "வீட்டுக்குப் போக வேண்டாம், மாடில ரூம் சும்மாதான் கெடக்குது" என்றார். பாப்பாவைப் பள்ளியிலிருந்து நேராக இங்கே அழைத்துவந்துவிட்டேன். காகித மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்கிறோம். அவளுக்கு இது விளையாட்டு.

போனவை: வாடகை ஒப்பந்தம் இரண்டு தடவை, பள்ளிப் படிவம், காஸ் ரசீது, அச்சகம் கொடுத்த வேலை உத்தரவு, பள்ளிப் பெயர்ப்பலகைக்குக் கீழே பாப்பா நிற்கிற படம். போகாதவை: அச்சக வேலை எல்லாம், பாப்பாவின் குழந்தைப் படங்கள், நான் எழுதிவைத்த வீட்டுக் கணக்கு, அடிபட்டபோது வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எடுத்த அந்தப் படங்கள்.

புரிகிறதா? முகவரி இருப்பதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். என் கதவு எண் அவருக்குத் தெரியும். பாப்பாவின் வகுப்புகூடத் தெரியும். இத்தனை நாள் ஏன் வரவில்லை? எதற்குக் காத்திருக்கிறார்? மறுபடியும் ஓடவா? பாப்பாவுக்கு இப்போதுதான் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், நாளையே கிடைத்துவிடும்.

உன் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழித்தது அந்த ஆள் இல்லை.

யோசித்துப் பார். அவன் கையில் அந்த ஃபோல்டர் கிடைத்தால் முதலில் எதை அழிப்பான்? நீ அடிபட்ட படங்களை. விவாகரத்து முடிந்தாலும் பாப்பா யாரிடம் என்ற வழக்கு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. உன் முதுகும் கன்னமும் தெரிகிற அந்தப் படங்களுக்குத்தான் அவன் நடுங்குகிறான். நம் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மாவிடம் ஒரு பிரதி இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒரு படத்தைக்கூட யாரும் தொடவில்லை. இன்னொன்று, முகவரி கிடைத்தவன் பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறுவான். எதற்கு அழித்து உன்னை உஷார்படுத்த வேண்டும்? வாடகை ஒப்பந்தம் முதல் தடவை போனது பிப்ரவரியில். அவன் வந்திருந்தால் எப்போதோ வந்திருப்பான்.

அப்படியென்றால் முகவரியை அழிக்கிறவர் வேறு யாரோ. அவன் கண்ணில் படாமல் இருக்க அழிக்கிறார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருஷக் கடைசியில் அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். உனக்கு எதற்கு அந்தச் சேதி என்று விட்டுவிட்டேன். சின்ன வயசுப் பெண்ணாம். ஜெராக்ஸ் கடைக்காரம்மா ஒரு தடவை பார்த்திருக்கிறார். வெயில் காலத்தில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாளாம்.

இதற்கு மேல் யோசிக்க நமக்கு நேரமில்லை. எல்லா மிஷின்களிலிருந்தும் வெளியேறு என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கு. பாஸ்வேர்டை மாற்று. இன்றைக்கே செய். அந்த லேப்டாப்பில் எதுவும் தெரியாமல் போய்விடும்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

நீ சொன்னதை அன்றைக்கே செய்யவில்லை. கத்தாதே, முழுக்கப் படி.

பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முழுக்கை ரவிக்கை என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் போட்டேன், வெயிலில். இதை அமுக்கினால் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற ஒரே ஜன்னலை நானே சாத்துகிறேன்.

ஒரு ஃபைல் எழுதினேன். அவர் பார்த்தாலும் சந்தேகப்படாத மாதிரி "பதினான்காம் பக்கம் பிழைதிருத்தம்" என்று பெயர் வைத்தேன். உள்ளே இரண்டு வரி. "நீங்கள் யாரோ, செய்ததெல்லாம் புரிந்தது. உங்களுக்கு ஆபத்து என்றால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போங்கள்." என் பெயர் இல்லை, ஊர் இல்லை. உன் கடை அவருக்கு ஏற்கெனவே தெரிந்த இடம், புதிதாக எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டு, யார் கையில் போய் விழுமோ என்று சாயங்காலம் வரை எதுவும் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையில் அது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு புது ஃபைல் இருந்தது. "பதினைந்தாம் பக்கம்" என்று பெயர். அப்படியே எழுதித் தருகிறேன்:

"அக்கான்னு கூப்பிடலாமான்னு தெரியல. லேப்டாப்பை அவர்தான் பரண்ல இருந்து எடுத்துக் குடுத்தார், தூசி தட்டி வெச்சுக்கோன்னு. தெறந்தா யாரோட படமோ இருந்துச்சு. அடிபட்ட படத்துல பின்னாடி தெரியுற சமையல்கட்டுச் சுவர், அந்தப் பூப்போட்ட ஓடு, அது நான் தினமும் தொடைக்கிற ஓடு. அப்பத்தான் புரிஞ்சுது. நீங்களா ஓடிப்போனீங்க, நடத்தை சரியில்லன்னு அவர் சொல்லியிருந்தார். அவர் கரண்ட் பில் பார்க்க இதுல வந்து உக்காருவார். அதுக்குள்ள உங்க அட்ரஸ் இருக்கறதைத் தேடித் தேடி அழிச்சேன். நீங்க மறுபடி மறுபடி போட்டீங்க. ஒரு நாள் அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணை அழிச்சேன், கை கால் ஓடல. உங்க மேல அவ்வளவு கோபம் வந்துச்சு. நேத்து அவர் கேட்டார், எப்பப் பார்த்தாலும் இதுல என்ன பண்றேன்னு. உடனே பூட்டிடுங்க அக்கா. என்னைப் பத்தி யோசிக்காதீங்க."

பூட்டிவிட்டேன். எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, பாஸ்வேர்டை மாற்றி, முதலாளியம்மா பக்கத்தில் நின்று சரிபார்த்தார். இப்போது பட்டியலில் ஒரே ஒரு மிஷின்தான் இருக்கிறது.

ஆனால் அந்த நிமிஷம் அவள் திரையில் என்ன தெரிந்திருக்கும்? பாஸ்வேர்ட் கேட்டு நின்றிருக்குமே. அவர் பக்கத்தில் இருந்திருந்தால்? எனக்கு இருந்த பயமெல்லாம் இடம் மாறி அந்த வீட்டுச் சமையல்கட்டில் போய் நிற்கிறது. உன் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே இரு. வேறு ஒன்றும் கேட்க எனக்கு வாய் இல்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். காய்கறிப் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து தலையணை உறை, அதற்குள்ளிருந்து உன் லேப்டாப்.

"என்ன பிராப்ளம்?" என்றேன். வாய்ப் பழக்கம்.

"பிராப்ளம் ஒண்ணும் இல்ல. இது இனிமே அந்த வீட்ல இருக்கக் கூடாது" என்றாள்.

பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கையைத் தூக்க முடியவில்லை. நீ பூட்டிய அன்று சாயங்காலம் அவன் பில் பார்க்க உட்கார்ந்திருக்கிறான். பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. "யாருக்கு எழுதுன?" என்று கேட்டே அடித்திருக்கிறான். அவள் சொல்லவில்லை. உன் ஊரைச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான் என்று அவளே சொன்னாள், ஏதோ மளிகைக்கடைச் சேதி சொல்கிற மாதிரி. நீ குற்றவுணர்ச்சியில் உட்கார்ந்துகொள்வாய் என்று தெரியும். அவளிடமும் அதைச் சொன்னேன். "நான்தானே பூட்டச் சொன்னேன்" என்றாள்.

என் வீட்டுக்காரி முதுகுவலியை மறந்து ஆட்டோ பிடித்து வந்தாள். முதலில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து வக்கீலம்மா. லேப்டாப்பும் வக்கீலம்மாவிடமே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். கண்ணாடிக் கதவைத் திறந்து, சிரித்துக்கொண்டே. "மச்சான், என் லேப்டாப் ஒண்ணு தொலைஞ்சு போச்சு. இங்க ஏதாவது ரிப்பேருக்கு வந்துச்சா?"

"பில் இருக்கா?" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அலமாரியில் ஒவ்வொரு லேப்டாப்பாக எடுத்துத் திறந்து பார்த்தான். நான் தடுக்கவில்லை. கடைசியாக என் முகத்துக்கு நேரே குனிந்து, "ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் இருப்பாளுங்க. கண்டுபிடிச்சிடுவேன்" என்றான். ஜெராக்ஸ் கடைக்காரம்மா வாசலில் வந்து நின்று, "தம்பி, போலீஸ்காரர் ஐடி கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கார், சில்லறை இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். அப்படி யாரும் வந்திருக்கவில்லை. அவன் போய்விட்டான். நான் அரைமணி நேரம் ஸ்குரூடிரைவரைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

புகார் கொடுத்தாயிற்று. உன் படங்களையும் அவள் கையின் எக்ஸ்ரேயையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நீதிபதியிடம் காட்டுவேன் என்று வக்கீலம்மா சொல்கிறார். பாப்பா வழக்குக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாமாம். ஆனால் அதுவரை அவளை எங்கே வைப்பது? எங்கள் வீடு அவனுக்குத் தெரியும். அவள் பிறந்த வீட்டில் "புருஷனோட போய் இரு" என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போதைக்கு வக்கீலம்மா வீட்டில் இருக்கிறாள், நேற்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டாள். "அக்கா அட்ரஸை அவ்வளவு தடவை படிச்சு அழிச்சதுல எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. கேக்கக் கூடாதுதான். அங்க வரட்டுமான்னு கேட்டு எழுதுவீங்களா?"

கேட்டு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் சொல்லிவிட்டுப் போனதையும் மறைக்காமல் மேலே எழுதியிருக்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு பேரும் இருந்தால் அவனுக்கு ஒரே வேலை. முடியாது என்று நீ எழுதினால் யாரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டோம்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

உன் கடிதத்தை முதலாளியம்மாவிடம் படித்துக் காட்டினேன். மாடி அறையில் காகித மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார். பழைய வீட்டை வெள்ளிக்கிழமை காலி செய்தோம். வீட்டுக்காரர் ஏனென்று கேட்கவில்லை. அந்த முகவரியை அவள் இனி மறந்துவிடலாம்.

அவளை நேர் பஸ்ஸில் ஏற்றாதே. நடுவில் ஒரு ஊரில் இறங்கி வண்டி மாறட்டும். போனை உன்னிடம் கொடுத்துவிட்டு வரச் சொல். ஊருக்குள் வரவேண்டாம், பாலத்துக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் பங்கில் இறங்கட்டும். புதன்கிழமை காலையிலிருந்து அங்கே நிற்பேன். பாப்பா என் கையைப் பிடித்திருப்பாள். அவளைத்தான் படத்தில் பார்த்திருக்கிறாளே, அடையாளம் தெரிந்துவிடும்.

இதை எழுதும்போதும் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காகிதம் கொண்டுவருகிற ஆள். பாப்பாவின் அப்பா எந்தப் பஸ்ஸிலிருந்தும் இறங்கலாம், எந்தப் படியிலும் ஏறலாம், எனக்குத் தெரியும். பயம் கொஞ்சமும் குறையவில்லை.

வரச் சொல்.

அக்கா